ஸ்லாட் கார் கிளப்பில் ஒரு ஞாயிறு: வலது வளைவில் மட்டும் திக்கும் கார், யாருக்காவது காரணம் தெரியுமா?

#1 | தடம்மூன்று | ஞாயிறு இரவு

இன்று முழுநாளும் கிளப்பில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். இந்தப் பகுதியில் ரிமோட் கார், ட்ரோன் பற்றியெல்லாம் இழைகள் இருக்கின்றன. ஸ்லாட் கார் பற்றி ஒன்றுகூட இல்லை. அதனால் இன்று நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. மோட்டார், வயரிங் தெரிந்தவர்கள் அவசியம் பதில் சொல்லுங்கள்.

முதலில், இது ரிமோட் கார் இல்லை. பாதையில் ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு காடி ஓடும். தச்சர்கள் பலகையில் வெட்டுவார்களே, அதே காடிதான். காரின் மூக்குக்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அது அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். காடியின் இரண்டு பக்கமும் செப்புப் பட்டை ஒட்டியிருக்கும். நாக்கில் செருகிய செப்புப் பின்னல் அதை உரசிக்கொண்டே மின்சாரம் எடுக்கும். ஸ்டியரிங் கிடையாது. நம் கையில் இருப்பது ஒரே ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் பிரேக். வளைவில் அளவு மீறினால் பின்பக்கம் வெளியே வீசும், நாக்கு காடியை விட்டு எழும், கார் தரையில் கிடக்கும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், போர்ட்ஸ்மத். பக்கத்து ஊரான ஹேவன்ட்டில்தான் மினிமாடல்ஸ் என்ற தொழிற்சாலை இருந்தது. பிரெட் பிரான்சிஸ் என்பவர் அங்கே தரையில் அழுத்திப் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் தகர கார்களை ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் செய்து விற்றார். அதற்குள் மின்மோட்டாரை வைத்து 1957-இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று கொண்டுவந்தார். முதலில் வந்த இரண்டும் தகர உடம்புதான், ஒரு மசராட்டி, ஒரு பெராரி. பாதை ரப்பரில். இந்த ஊர்ப்பக்கம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவராவது அவர்கள் வீட்டில் இருப்பார்.

கிளப் பாதை ஆறு தடம். எம்டிஎஃப் பலகையில் ரௌட்டரால் காடி வெட்டியது. ஒரு சுற்று 30 மீட்டர். நன்றாக ஓட்டினால் எட்டரை விநாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 13 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் கார் 1/32 அளவு, ஒரு சாண் நீளம்கூட இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணால் பின்தொடரவே பழக வேண்டும்.

காலை 9 மணிக்குக் கதவு திறந்தார்கள். முதல் வேலை பாதையைத் துடைப்பது. ஒரு வாரத் தூசி டயரில் ஏறினால் கார் சோப்பு மாதிரி வழுக்கும். அப்புறம் பரிசோதனை மேசை. காரைத் திருப்பி, அடியில் காந்தம் இருக்கிறதா, அச்சின் அகலம் சரியா, டயர் அனுமதித்த வகையா, தரையிலிருந்து சேஸி எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். என் கார் போர்ஷே 956 வடிவம், 1982 முதல் 85 வரை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். முந்தின நாள் ராத்திரி அதற்கு மூன்று வேலை செய்திருந்தேன். உடம்பைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களை அரைத் திருகு தளர்த்தினேன். அப்போது சேஸி தனியாக, உடம்பு தனியாக ஆடும், பாதையின் அதிர்வு மேலே ஏறாது. முன்டயரில் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட்டிங் அடித்தேன். முன்டயர் பாதையைப் பிடித்தால் நாக்கோடு சண்டை போடும், வழுக்கிக்கொண்டு போவதுதான் நல்லது. மூன்றாவது, நாக்குக்குப் போகும் வயர் இரண்டையும் மாற்றி நானே சால்டர் வைத்தேன். இந்த மூன்றாவது வேலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 12 பேர், இரண்டு அணி. ஒரு அணி ஓட்டும்போது மற்ற அணி மார்ஷல். ஒரு ஓட்டத்துக்கு ஹீட் என்று பெயர், மூன்று நிமிடம். அது முடிந்ததும் இடம் மாறுவோம். எல்லோரும் ஆறு தடத்திலும் ஓட்டியாக வேண்டும், ஏனென்றால் உள்தடமும் வெளித்தடமும் ஒன்றல்ல. தடம் மாறும் வரிசை 1, 3, 5, 6, 4, 2. நேராக 1, 2, 3 என்று போனால் யாராவது ஆறிலிருந்து ஒன்றுக்கு ஒரேயடியாகத் தாவ வேண்டிவரும். இந்த வரிசையில் அடுத்தது எப்போதும் பக்கத்துத் தடம், இல்லாவிட்டால் ஒன்று தள்ளி.

மார்ஷல் என்றால் விழுந்த காரை எடுத்து மறுபடி காடியில் வைப்பவர். எனக்குக் கிடைத்த இடம் எஸ் வளைவு, அதிகம் பேர் விழும் இடம். புதிதாக வருகிறவர்கள் ஓட்டுவதைத்தான் பந்தயம் என்று நினைக்கிறார்கள். எனக்கு வர வர மார்ஷலாக நிற்கும் மூன்று நிமிடம்தான் கிளப்பின் உயிர் என்று தோன்றுகிறது. இன்று நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் புரியும்.

நான்காவது ஹீட்வரை நான் மூன்றாம் இடம். எனக்குப் பின்னால் முக்கால் சுற்று தள்ளி, எதிர் அணியில், எழுபது வயது தாண்டிய ஒருவர். கப்பல்துறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விசையை அவர் அழுத்துவதைப் பார்த்துத்தான் நான் கற்றேன். ஐந்தாவது ஹீட்டில் என் கார் திக்க ஆரம்பித்தது. நேர்ப்பாதையில் சரியாக ஓடுகிறது. சில வளைவுகளில் மட்டும் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. இரண்டு முறை காரணமே இல்லாமல் நேராகப் பறந்து விழுந்தது. பின்னலைச் சீப்பு மாதிரி விரித்துவிட்டேன், டயரை ஒட்டும் நாடாவில் உருட்டித் துடைத்தேன், பலன் இல்லை. அந்த ஹீட்டில் மட்டும் இரண்டு சுற்று போயிற்று.

கடைசி ஹீட். அவர் ஓட்டுகிறார், நான் எஸ் வளைவில் நிற்கிறேன். அவர் கார் என் காலடியில் இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் ஒரு மூச்சுக்குள் எடுத்து வைத்தேன். அவர் மூன்றாம் இடம், நான் நான்காம் இடம். வித்தியாசம் முக்கால் சுற்று.

முடிந்ததும் அவரே வந்து சொன்னார்: “உன் கார் எல்லா வளைவிலும் திக்கவில்லை, வலது வளைவில் மட்டும்தான். அதுவும் முதலில் பிரேக் போகிறது, அப்புறம்தான் திக்குகிறது.” என் ஹீட்டில் அவர்தான் அந்த வளைவில் மார்ஷல். ஓட்டுகிற இடத்திலிருந்து எனக்குக் காரின் முதுகுதான் தெரியும். அவர் ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

மதியம் அறுபதுகளின் ஜிடி கார்கள். அதில் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஆறாம் இடம்.

என் கேள்வி: வலது வளைவில் மட்டும் ஏன்? பாதையில் கோளாறு இல்லை. அதே தடங்களில் மற்றவர்களின் கார் நன்றாக ஓடியது.

#2 | டொரன்டோதம்பி | திங்கள்

அண்ணா, வாசிக்க நல்லா இருந்தது. தமிழில் இதை எழுத ஒருவர் வருவார் என்று நினைக்கவே இல்லை. நான் ஓட்டுவது எச்ஓ அளவு, உங்கள் காரில் பாதிதான் இருக்கும். ஆறு பேர் சேர்ந்து ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் நாலு தடப் பாதை வைத்திருக்கிறோம். அரோரா கம்பெனியின் பழைய தண்டர்ஜெட் கார்கள், 1963-இல் வந்தவை. தோசைக்கல் மாதிரித் தட்டையாகப் படுத்திருக்கும் மோட்டார், அதன் மேல் பல்சக்கரங்கள். அறுபது வருடம் ஆகியும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடுகிறது.

உங்கள் பிரச்சினைக்கு என் ஊகம் செப்புப் பின்னல். ஒரு பக்கப் பின்னல் மட்டும் தேய்ந்திருந்தால் கார் வலதுக்குச் சாயும்போது அது தூக்கிக்கொள்ளும்.

#3 | நேர்கோடு | திங்கள்

நல்ல பதிவு. ஆனால் ஒரு விஷயம் எனக்கு ஒப்பவில்லை.

நான் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்கில் இரண்டு சீசன் கொடி மார்ஷலாக நின்றிருக்கிறேன். வெயிலில் நாள் முழுக்க நிற்கும் தன்னார்வ வேலை. அங்கே ஓட்டுகிறவர் மார்ஷலாக நிற்பதில்லை, மார்ஷலாக நிற்கிறவர் ஓட்டுவதில்லை. இரண்டையும் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நீங்களோ உங்களோடு இடத்துக்குப் போட்டி போடுகிறவரின் காரை உங்கள் கையாலேயே தூக்கி வைக்கிறீர்கள். நீங்கள் நேர்மையாக இருந்தீர்கள், சரி. எல்லோரும் அப்படி இருப்பார்களா? ஒரு விநாடி தாமதித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இது ஏற்பாட்டிலேயே இருக்கும் குறை.

இன்னொன்று, அடியில் காந்தம் வைத்துவிட்டால் கார் விழவே விழாதாமே? என் அண்ணன் மகனின் செட்டில் அப்படித்தான், முழு விசையும் அழுத்திக்கொண்டே சுற்றுகிறான்.

#4 | கோவைவைண்டர் | திங்கள்

சார், எனக்கு ஸ்லாட் கார் தெரியாது. மோட்டார் தெரியும், இருபத்திரண்டு வருடமாகக் காயில் கட்டுகிறேன். கொஞ்சம் விவரம் வேண்டும். எத்தனை வோல்ட்? மோட்டார் எத்தனை ஆர்பிஎம்? கியர் விகிதம் என்ன? விசையை விட்டதும் பிரேக் பிடிக்கிறது என்றீர்கள், காரில் தனியாக ஏதாவது பிரேக் இருக்கிறதா, இல்லை மோட்டாரே பிடிக்கிறதா? அந்தப் பெரியவர் “முதலில் பிரேக் போகிறது” என்று சொன்னது முக்கியமான விஷயம். பின்னல் தேய்மானம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

#5 | தடம்மூன்று | திங்கள் இரவு

ஒவ்வொருவருக்காகச் சொல்கிறேன்.

தம்பி, இரண்டு பின்னலும் புதுசு. ஆனாலும் மறுபடி பார்க்கிறேன். தண்டர்ஜெட் ஓட்டுகிறாய் என்பது மகிழ்ச்சி. அரோரா அதற்கு முன்னால் 1960-இல் விட்ட கார்களில் சுழலும் மோட்டாரே இல்லை, ஏசி மின்சாரத்தில் ஒரு தகடு துடித்துத் துடித்துச் சக்கரத்தைத் தள்ளும். உங்கள் குழுவில் யாரிடமாவது ஒன்று இருந்தால் படம் போடு.

வைண்டர் அண்ணா, 12 வோல்ட் டிசி. மோட்டார் 20,000 ஆர்பிஎம் ரகம். மோட்டார் தண்டில் இருக்கும் பல்சக்கரம் (பினியன்) 9 பல், அச்சில் 27 பல், அதாவது மூன்றுக்கு ஒன்று. பின்டயர் விட்டம் 20 மில்லிமீட்டர். சுமையே இல்லாமல் ஓடினால் விநாடிக்கு 7 மீட்டர் வரும். ஆனால் எங்கள் நீளமான நேர்ப்பாதையே 8 மீட்டர்தான், அந்த வேகத்தை எட்டுவதற்குள் வளைவு வந்துவிடும். தனி பிரேக் எதுவும் இல்லை, மோட்டாரேதான் பிடிக்கிறது.

நேர்கோடு சார், முதலில் காந்தம். உங்கள் அண்ணன் மகனின் பிளாஸ்டிக் பாதையில் மின்சாரம் போகும் தண்டவாளம் இரும்பு. காரின் அடியில் உள்ள காந்தம் அதைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் மரப்பாதையில் இருப்பது செம்பு. செம்பைக் காந்தம் இழுக்காது. காந்தம் வைத்தாலும் வீண் எடைதான். அந்த விஷயத்தை விட்டுவிட்டாலும், காந்தம் இல்லாத கார் பேசும். பின்பக்கம் மெல்ல வெளியே போவது கண்ணுக்குத் தெரியும், விசையை ஒரு மயிரிழை தளர்த்தினால் திரும்பி வரும். காந்தக் கார் எந்த அறிகுறியும் தராமல் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரே வீச்சில் பறக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் விளையாடக் காந்தம் நல்லதுதான். ஓட்டக் கற்றுக்கொள்ள அது உதவாது.

மார்ஷல் விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதை மழுப்பாமல் பேச வேண்டும். எண்களிலிருந்தே தொடங்குகிறேன். சுற்று எட்டரை விநாடி. கை பழகிய மார்ஷல் ஒரு காரை இரண்டு விநாடியில் வைத்துவிடுவார். கவனம் இல்லாதவருக்கு ஐந்து விநாடி. ஆறு ஹீட்டில் ஒருவர் பத்து முறை விழுந்தால் வித்தியாசம் முப்பது விநாடி, மூன்றரைச் சுற்று. நேற்று மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே இருந்தது முக்கால் சுற்று. அதாவது நீங்கள் சொல்வது சரி. மார்ஷல் நினைத்தால் முடிவை மாற்றலாம். ஒரு விநாடித் தாமதத்தை எந்தக் கம்ப்யூட்டரும் கண்டுபிடிக்காது.

ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் டிராக்குக்கு வெளியே நிற்க நூறு பேர் கிடைப்பார்கள். இங்கே வந்திருப்பதே 12 பேர். வெளியிலிருந்து யாரையாவது கூலிக்கு அழைத்து நிறுத்தினாலும், அவருக்கு இதில் வலி இருக்காது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தன் கார் தரையில் கிடந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டவர்தான் அடுத்தவர் காரை ஓடிப்போய் எடுப்பார். நான் முதல்முறை கிளப்புக்குப் போன அன்று 40 தடவைக்கு மேல் விழுந்திருப்பேன். 40 தடவையும் யாரோ எடுத்து வைத்தார்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெரியவர் அதில் பாதியாவது எடுத்திருப்பார்.

இங்கே எழுதாத விதி சில உண்டு. உன் வளைவைப் பார், பந்தயத்தைப் பார்க்காதே. யார் முன்னால் போகிறார் என்று தலையைத் தூக்கிய நேரத்தில்தான் கார் விழும். இரண்டு கார் சேர்ந்து விழுந்தால், அடுத்தவர் தடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதை முதலில் எடு. ஒரு கார் வேறு தடத்தின் காடியில் இறங்கி அங்கிருக்கும் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்தால் அதை உடனே பிடி, அதைவிட ஆபத்தானது ஒன்றுமில்லை. வைப்பதற்கு முன் காரில் ஒட்டிய நிறத்தையும் தடத்தின் நிறத்தையும் பார். ஓடும் கார்களுக்கு மேலே கையை நீட்டாதே, சட்டைக் கை பட்டு இன்னும் மூன்று விழும். நாக்கு காடியில் உட்கார்ந்ததும் கையை எடு, தள்ளிவிடாதே. நிலைமை கைமீறினால் சத்தம் போடு, கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் மொத்தப் பாதைக்கும் மின்சாரத்தை நிறுத்துவார்.

இதில் எதையும் யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. புதிதாக வருகிறவர் பக்கத்தில் ஒருவர் நின்று இரண்டு ஹீட் சொல்லிக்கொடுப்பார், அவ்வளவுதான்.

#6 | இளவேனில் | செவ்வாய்

அண்ணா, நாங்கள் ரெடிங்கில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. உங்கள் பதிவை அவளுக்குப் படித்துக் காட்டினேன், எஸ் வளைவு இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். அவளுக்கு என்ன வாங்குவது? கடையில் டிஜிட்டல் என்று ஒன்று விலை கூடுதலாக இருக்கிறது. நாங்கள் இருவருமே இதில் புதுசு. கிளப்புகளில் சிறுபிள்ளைகளைச் சேர்ப்பார்களா, பெண் பிள்ளைகள் வருகிறார்களா என்பதையும் சொல்லுங்கள்.

#7 | நேர்கோடு | செவ்வாய்

40 தடவை எடுத்து வைத்தது பற்றி எழுதியதைப் படித்தேன். அது புரிகிறது. நானும் புதிதாகக் கொடி பிடித்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை மறக்கவில்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கடைசி ஹீட்டில் மட்டுமாவது, இடத்துக்கு மோதிக்கொள்ளும் இருவரை ஒருவர் வளைவில் ஒருவர் நிற்காதபடி மாற்றலாமே? உங்களை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. நல்லவரையும் அந்தச் சங்கடத்தில் நிறுத்த வேண்டாமே என்றுதான். அவர் கார் இரண்டாம் முறை விழுந்தபோது உங்கள் மனதில் ஒன்றுமே ஓடவில்லையா?

#8 | கோவைவைண்டர் | செவ்வாய்

சார், உங்கள் விவரம் போதும். சொல்கிறேன்.

மோட்டாரே பிரேக் என்றால் அது நடப்பது இப்படி. விசையை விட்டதும் உங்கள் கையில் இருக்கும் கன்ட்ரோலர் மோட்டாரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. ஓட்டத்தில் இருக்கும் மோட்டார் அந்த நேரம் டைனமோ ஆகிவிடும். அது உண்டாக்கும் மின்சாரம் அதே காயில் வழியாகச் சுற்றி வந்து சுழற்சியை எதிர்க்கும். வேகம் எவ்வளவோ அவ்வளவு பிடி. ஆனால் இதற்குச் சுற்று முழுமையாக இருக்க வேண்டும். மோட்டாரிலிருந்து வயர், நாக்கு, பின்னல், பட்டை, கன்ட்ரோலர், திரும்ப மோட்டார். நடுவில் எங்கே விட்டாலும் பிரேக் கிடையாது, கார் தன் பாட்டுக்கு ஓடும்.

நீங்கள் வலது வளைவுக்கு வரும்போது விசையை விடுகிறீர்கள். அங்கே சுற்று விடுகிறது, பிரேக் போகிறது. வேகம் குறையாமல் வளைவுக்குள் போகிறீர்கள். மறுபடி அழுத்தும்போது மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது, அதுதான் திக்கல். பெரியவர் சொன்ன வரிசை அப்படியே பொருந்துகிறது. மோட்டாரிலோ காயிலிலோ கோளாறு என்றால் இடது வளைவிலும் நேரிலும் காட்டும்.

வளைவில் திரும்புவது எது? நாக்கு. நாக்கோடு சேர்ந்து மடங்குவது எது? வயர். நீங்கள் புதிதாகச் சால்டர் வைத்தேன் என்று சொன்ன அதே வயர். சால்டர் கூடுதலாக ஏறினால் ஈயம் வயருக்குள் உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச தூரம் உள்ளே போய்விடும். அந்த இடம் கம்பி மாதிரி விறைத்துவிடும். மடங்கி மடங்கி, விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலே உறை நன்றாக இருக்கும், பார்த்தால் தெரியாது. பம்பு மோட்டார் லீட் வயரிலும் நான் அடிக்கடி பார்ப்பதுதான்.

மீட்டர் வேண்டாம், ஒரு காசு போதும். காரைத் திருப்பிப் பிடியுங்கள். இரண்டு பின்னலும் படும்படி காசை அழுத்திப் பின்சக்கரத்தை விரலால் சுண்டுங்கள். சட்டென்று நிற்க வேண்டும், ஏனென்றால் நீங்களே பிரேக் போட்டிருக்கிறீர்கள். இப்போது நாக்கை இடது பக்கம் திருப்பிச் சுண்டுங்கள், அப்புறம் வலது பக்கம். எந்தப் பக்கம் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் வயர் விடுகிறது.

#9 | டொரன்டோதம்பி | செவ்வாய்

வைண்டர் அண்ணா, காசுச் சோதனையை இப்பவே என் காரில் செய்து பார்த்தேன். தண்டர்ஜெட்டில் பின்னல் இல்லை, இரண்டு செப்புத் தகடு. அதிலும் வேலை செய்கிறது! காசு இருக்கும்போது சக்கரம் இறுகுவது விரலுக்கே தெரிகிறது. இத்தனை வருடம் ஓட்டியும் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

நேர்கோடு அண்ணாவுக்கு: நாங்கள் ஆறு பேர் என்பதால் எங்களுக்கு மாற்றி நிறுத்த வழியே இல்லை. நாலு பேர் ஓட்டினால் மிச்சம் இரண்டு பேர்தான் மார்ஷல். ஒருநாள் ஒருவர் வேண்டுமென்றே மெதுவாக எடுத்தார் என்று இன்னொருவர் கோபப்பட்டு இரண்டு மாதம் கதைக்காமல் இருந்தார்கள். அதனால் நீங்கள் சொல்வது சும்மா கற்பனை இல்லை. பிறகு இருவரும் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். சந்தேகம் வந்தால் ஹீட் முடிந்தவுடன் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து பிரச்சினை வரவில்லை.

#10 | தடம்மூன்று | புதன் இரவு

வைண்டர் அண்ணா, உங்கள் கையைக் கொடுங்கள். வேலையிலிருந்து வந்ததும் ஒரு பென்னி காசை எடுத்து உட்கார்ந்தேன். நாக்கு நேராக இருக்கும்போது சக்கரம் சட்டென்று நிற்கிறது. இடது பக்கம் திருப்பினால் நிற்கிறது. வலது பக்கம் திருப்பினால் தாராளமாகச் சுற்றுகிறது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதே. இடது பக்க வயரின் உறையைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். சால்டர் வைத்த இடத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி, எல்லா இழையும் அறுந்து இரண்டே இரண்டு மிச்சம். நாக்கு வலதுக்குத் திரும்பும்போது வயர் இழுபட்டு அந்த இரண்டும் விலகுகின்றன. ஈயம் உள்ளே ஏறியதுதான் காரணம், நீங்கள் சொன்னது அச்சு அசல்.

இப்போது சிலிக்கான் உறை போட்ட மெல்லிய இழை வயர் வைத்திருக்கிறேன். சால்டர் வைக்காமல் பின்னலோடு சேர்த்து நாக்கின் துளைக்குள் இறுக்கிச் செருகியிருக்கிறேன். மடங்கும் இடத்தில் ஒரு சிறு வளையமாகத் தளர்வு விட்டிருக்கிறேன்.

இளவேனில், 1/32 அளவில் சாதாரண இரண்டு தட செட் போதும். டிஜிட்டல் என்பது ஒரே தடத்தில் பல கார் ஓட்டுவதும் தடம் மாறி முந்துவதும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் 2004-இல் வந்தது. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பத்து வயதில் முதலில் விசை பழகட்டும். மின்சாரப் பெட்டி வோல்ட் குறைக்கும் வசதியோடு கிடைத்தால் அதை வாங்குங்கள். 8, 9 வோல்ட்டில் தொடங்கினால் கார் அடிக்கடி விழாது, பிள்ளைக்குச் சலிப்பு வராது. ஒரு மாதம் போனதும் காந்தத்தைக் கழற்றிவிட்டு அதே வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு கிளப்பைத் தேடி ஒரு மாலை போய்ப் பாருங்கள். புதியவர்களுக்குக் காரும் கன்ட்ரோலரும் கடன் கொடுப்பது பல கிளப்புகளில் வழக்கம். எங்கள் கிளப்பில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஞாயிறன்று ஜிடி பிரிவில் என்னை முந்தினவர்களில் அவளும் ஒருத்தி. உயரம் போதாததால் அவளுக்கு ஒரு மரப்பெட்டி போட்டிருக்கிறோம், மார்ஷலாக நிற்கும்போதும் அதே பெட்டிதான். என்னைவிடக் கை வேகம்.

நேர்கோடு சார், நீங்கள் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். இரண்டாம் முறை விழுந்தபோது ஓடியது. அவர் கார் தலைகீழாகக் கிடந்தது, அந்த நேரத்தில் என் இடம் எனக்குத் தெரியும். ஆனால் கை ஏற்கெனவே காரைத் தொட்டிருந்தது. நாலு வருடம் நின்ற கை அது, யோசனை வருவதற்குள் போய்விடுகிறது. புதியவர் ஒருவர் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் கடைசி ஹீட்டில் இடம் மாற்றி நிறுத்தலாம் என்ற உங்கள் யோசனையை வியாழக்கிழமை கிளப்பில் சொல்கிறேன்.

#11 | நேர்கோடு | வியாழன்

நன்றி. ஒப்புக்கொண்டு எழுதியதற்குத்தான் நன்றி. என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

#12 | இளவேனில் | வியாழன்

மிக்க நன்றி அண்ணா. அரை மணி நேரத் தூரத்தில் ஒரு கிளப் இருக்கிறது. போன் செய்தேன், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மரப்பெட்டி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள், இருக்கிறதாம்.

#13 | தடம்மூன்று | வெள்ளி

நேற்று சொன்னேன். பெரியவர்தான் முதலில் பேசினார். மாற்ற வேண்டாம் என்றார். என் வளைவில் விழுந்தால் சீக்கிரம் எடுக்கிறேன் என்பதற்காகத்தான் அங்கே துணிந்து ஓட்டினாராம், மாற்றினால் அவருக்குத்தான் நஷ்டமாம். மற்ற இருவர் மாற்றலாம் என்றார்கள். கடைசியில் முடிவானது: யாராவது கேட்டால் மாற்றுவோம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டவரைப் பற்றி அப்புறம் பேச்சு வரக் கூடாது.

கார் இப்போது சரியாக ஓடுகிறது. மூன்றாம் தடத்தில் ஒரு சுற்று 8.4 விநாடி. வைண்டர் அண்ணா, காசுச் சோதனையைக் கிளப்பில் செய்து காட்டினேன். அந்த இடத்திலேயே இன்னொருவர் காரிலும் ஒரு வயர் பிடிபட்டது. கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டுகிறவர் சொல்லிக்கொடுத்தது என்று சொன்னேன். பம்பு மோட்டாரில் ஈயம் உள்ளே ஏறாமல் இருக்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பெரியவர் கேட்கச் சொன்னார்.

#14 | கோவைவைண்டர் | வெள்ளி

சால்டர் வைக்கும் இடத்துக்கு உடனே பின்னால் வயரை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் சார். சூடு குறட்டுக்குப் போய்விடும், ஈயம் அதைத் தாண்டாது. சூடு வைத்த இடத்தில் மூன்று விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம். ஃபிட்டராக இருந்தவர் என்றீர்கள், அவருக்கு இது தெரிந்திருக்கும். என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அவருக்கு என் வணக்கம்.